ஓதமே இல்லாத வீடு

எங்கள் வீட்டில் எதைப் பற்றியும் குறை சொல்லலாம். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று சொல்லலாம். ஆரப்பாளையத்திலிருந்து வரும் பஸ் நம் நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று சொல்லலாம். கொசுவைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். சுவரில் ஓதம் ஏறுகிறது என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சுவரைக் கட்டியவர் என் கணவரின் அக்கா வீட்டுக்காரர்.

அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். என் கணவருக்கு அவர் மச்சான். வாடிப்பட்டிச் சுற்று வட்டாரத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். என்ன படித்தார், எங்கே படித்தார் என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாது. ஆனாலும் குடும்பத்தில் எல்லோரும் அவரை 'இன்ஜினியர்' என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட மண்டபத்தின் தூணைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தத் தூண் இன்றைக்கே விழப்போவதுபோல அண்ணாந்து பார்ப்பார்கள்.

நாங்கள் வாங்கிய மனை அதற்கு முந்தைய வருஷம்வரை நெல் விளைந்த வயல். மூன்று பக்கம் மனைக்கல் ஊன்றியிருந்தார்கள். மேற்கே மட்டும் இன்னும் விவசாயம் நடந்தது. கால்வாயில் தண்ணீர் விட்டால் அந்த வயல் தளும்பி எங்கள் காம்பவுண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, தண்ணி நிக்கிற இடமாச்சே. அடிமட்டத்தை இன்னும் கொஞ்சம் ஒசத்துனா என்ன?"

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்ள, டீச்சர் எனக்கே பாடம் எடுக்குறாங்கப்பா."

சித்தாள்கள் சிரித்தார்கள். கொத்தனார் சிரித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் கணவர். நான் நகரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. அடுப்புத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறதோ அப்படித்தான் செங்கல்லும் தண்ணீரை இழுக்கும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த வீட்டைக் கட்டிய ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை. இரண்டில் எது என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. முட்டாள்தனத்தையாவது மன்னிக்கலாம் என்று தோன்றும்.

பால் காய்ச்சிக் குடி போனோம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் படுக்கையறையின் மேற்குச் சுவரில் பெயிண்ட் அங்கங்கே உப்பிக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம்போல நொறுங்கியது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கூட்டித் தள்ளினால் மறுநாளும் அதே இடத்தில் அதே அளவு கொட்டிக் கிடக்கும். கொஞ்ச நாளில் முழங்கால் உயரத்துக்கு ஈரத்தின் கோடு வளைந்து வளைந்து சுவர் நெடுகப் போனது.

பிறகு வாடை வந்தது. ஊறப்போட்டு மறந்துவிட்ட துணியின் வாடை. முதலில் படுக்கை விரிப்பில், பிறகு தலையணையில், பிறகு என் மேல். ஒருநாள் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். "டீச்சர், மழையில நனைஞ்சிட்டீங்களா?" வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன்.

அன்று சாயங்காலம் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்னால் ஆளுயரத்துக்குக் கறுப்பு. மைப்புட்டியைச் சுவரில் எறிந்து உடைத்ததுபோலத் திட்டுத் திட்டாகப் பூசணம். நடுநடுவே சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்தமாதிரி இருந்தது. பீரோவுக்குள் என் கூறைப் புடவையின் மடிப்பு நெடுகக் கறுப்புப் புள்ளிகள். அதை விரித்துக் கட்டிலில் போட்டுவிட்டு என் கணவரைக் கூப்பிட்டேன்.

பார்த்தார். "பீரோவை ரொம்ப ஒட்டிப் போட்டுட்டோம்" என்றார்.

"செவுரு ஓதம் காக்குதுங்க."

"மச்சான்கிட்ட அப்படியெல்லாம் சொல்லிறாத. மனசு சங்கடப்படுவாரு."

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அக்காவும் வந்தார்கள். அக்காவை நான் மதினி என்பேன். பார்வையிட வருகிறார் என்பதால் ஆட்டுக்கறி எடுத்திருந்தோம். ஒழுகுகிற சுவரைக் கட்டியவருக்கு விருந்து வைக்கிற வழக்கம் வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர் ஆட்காட்டி விரலைச் சுவரில் வைத்தார். எடுத்து மோந்து பார்த்தார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

"ஓதமெல்லாம் இல்லம்மா. புதுச் செவுரு, வேர்க்குது."

"வேர்க்குறதுன்னா எப்படிண்ணே?"

"மனுசனுக்கு வேர்க்குதுல்ல, அந்த மாதிரித்தான். ரெண்டு கோடை போனா நின்னுரும். நீங்க என்ன பண்றீங்க, சன்னலைத் தொறக்குறது இல்ல. தரையில வாளி வாளியா தண்ணிய ஊத்தித் தொடைக்கிறீங்க."

மதினி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார். "ஈரத் துணிய உள்ள காயப்போட்டா இப்படித்தான் ஆகும். எங்க வீட்ல ஒரு பொட்டு வராது. வீட்டை வச்சுக்கிறதுக்கும் ஒரு இது வேணும்ல?"

நான் துணியை மாடியில்தான் காயப்போடுவேன். என் கணவருக்கு அது தெரியும். அவர் மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்த நாட்கள் உண்டு. அவர் தலையை ஆட்டினார். எனக்கு ஆதரவாக அல்ல. "ஆமாக்கா, சொல்றேன் இவகிட்ட" என்றார். பிறகு மச்சானின் இலையில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தார்.

அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். ஈரச் சுவரைச் சுரண்டிவிட்டு அதன்மேல் பட்டி மாவைப் பூசி, அதன்மேல் முன்பைவிடப் பளபளப்பான பெயிண்ட் அடித்தான். அது அடுத்த முறை தண்ணீர் திறக்கும்வரைகூடத் தாங்கவில்லை. பழைய பெயிண்டுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மானமும் புதுசுக்கு இல்லை. படலம் படலமாக உரிந்து தொங்கியது.

என் கணவர் தன்னால் ஆனதைச் செய்தார். அந்துருண்டைகளை அறை மூலைகளில் பரப்பினார். கற்பூரம் வைத்தார். கடையிலிருந்து மல்லிகை மணம் அடிக்கும் ஸ்பிரே வாங்கி வந்து காலையும் மாலையும் அடித்தார். பூசணத்தின் வாடையும் பொய் மல்லிகையின் வாடையும் சேர்ந்து அந்த அறை செத்த வீடு போல மணத்தது. நான் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் துடைத்தேன். டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். வெயில் காலத்தில் நாங்கள் வேர்த்துக்கொண்டு படுத்திருக்க, சுவர் காற்று வாங்கியது.

ஒன்றும் நிற்கவில்லை. நிற்காது என்று எனக்குத் தெரியும். அடியிலிருந்து ஏறுகிற தண்ணீரை மேலே துடைத்து என்ன ஆகப்போகிறது?

அப்புறம்தான் மச்சான் தன்னுடைய பெரிய யோசனையைச் செயல்படுத்தினார். பிவிசி பேனல். பளிங்கு டிசைன் போட்ட பிளாஸ்டிக் பலகைகள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஆட்களைக் கூட்டிவந்து மேற்குச் சுவரை முழுக்க மூடிவிட்டார். நான் வீடு திரும்பியபோது என் கணவர் கதவருகே நின்று, புதுத் துணி உடுத்திய பிள்ளையைக் காட்டுவதுபோலச் சுவரைக் காட்டினார்.

"ஸ்டார் ஓட்டல் மாதிரி இருக்குல்ல?"

"உள்ள இருக்கிறது என்ன ஆச்சு?"

"அதான் மூடியாச்சே."

இந்தப் பதிலை நான் அவரிடம் மட்டும் கேட்டதில்லை. அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். சாக்கடைமேல் சிமெண்ட் பலகை போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் யாரும் அந்தச் சாக்கடையோடு ஒரே அறையில் படுத்துக்கொள்வதில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு இருமல் வந்தது. முதலில் தொண்டைக் கரகரப்பு என்றார். பிறகு தூசி என்றார். படி ஏறினால் மூச்சு வாங்கியது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல இழுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. நகரத்தில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா குழாயை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"வீட்ல ஓதம், பூசணம் ஏதாச்சும் இருக்கா சார்?"

"இல்ல டாக்டர்" என்றார் என் கணவர்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று திரும்பிப் பார்த்தேன். மூச்சு விட முடியாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. அந்த நிலையிலும் பொய் சொல்கிறார். வாடிப்பட்டியில் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மச்சானின் காதில் விழுந்துவிடுமோ என்று.

"இருக்கு டாக்டர்" என்றேன். "படுக்கையறைச் செவுரு முழுக்க இருக்கு. பிளாஸ்டிக் போட்டு மூடி வச்சிருக்கோம்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். "மருந்து தாரேன். ஆனா அந்த ரூம்ல படுத்துக்கிட்டு என்கிட்ட வராதீங்க" என்றார். பஸ்ஸில் என் கணவர் என்னை விட்டுவிட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். குடும்ப விஷயத்தை வெளி ஆளிடம் சொல்லிவிட்டேனாம்.

அன்றிலிருந்து முன்னறையில் பாய் விரித்துப் படுத்தோம். அரைப்பரீட்சை லீவு விட்டதும், அவர் வேலைக்குப் போன ஒரு காலையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டேன். ஓரத்துப் பட்டையைக் கழற்றியதும் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. அவற்றைப் பிடித்திருந்த மரச் சட்டமே ஊறிப்போய்ச் சோறு மாதிரி இருந்தது, ஸ்க்ரூ கையோடு வந்தது. உள்ளே இருந்ததைச் சுவர் என்று சொல்ல மாட்டேன். கறுப்பு, பச்சை, ஓரிடத்தில் ஆரஞ்சு நிறம். பலகைகளின் முதுகிலும் அதே. கீழ்மூலையில் சின்னச் சின்னக் காளான்கள் கும்பலாக முளைத்திருந்தன. அவை மட்டும் பார்க்க அழகாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு சித்தப்பா ரோஜாப்பூப் படம் போட்டு 'இந்த நாள் இனிய நாளாகட்டும்' என்றார். அதற்கு வரிசையாக எல்லோரும் கை கூப்பினார்கள். ரோஜா என் போட்டோவை மேலே தள்ளியது, கைகள் இன்னும் மேலே தள்ளின. அதற்குள் மதினியின் போன் வந்துவிட்டது.

"ஏம்மா, ஒனக்கு என்ன ஆச்சு? ஒரு மனுசன் ராப்பகலா நின்னு கட்டிக் குடுத்தா அவரை நாலு பேருக்கு முன்னால அசிங்கப்படுத்துவியா?"

"ஒங்க தம்பிக்கு மூச்சு இழுக்குது மதினி."

"அவனுக்குச் சின்ன வயசுலருந்தே நெஞ்சுச் சளி. அதுக்கும் செவுத்துக்கும் என்னா சம்பந்தம்?"

சின்ன வயதில் கபடி ஆடிய கதையை என் கணவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மூச்சுப் பிடிப்பதில் அவரை அடிக்க ஊரில் ஆள் இல்லையாம். நான் அதை மதினிக்கு நினைவுபடுத்தவில்லை. போனை வைத்துவிட்டேன்.

பலகைகளைத் திரும்ப மாட்டவும் இல்லை, மாட்ட விடவும் இல்லை. என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கார் சத்தம் கேட்டது. மச்சான் இறங்கினார். பின்னால் ஒரு நடுவயதுத் தம்பதி. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம், எங்களுக்கு அடுத்த தெருவில் மனை வாங்கியிருக்கிறார்கள். தான் கட்டிய வீட்டைக் காட்ட அவர்களை அழைத்து வந்திருந்தார். எங்கள் வீடுதான் அவருக்கு மாதிரி வீடு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் இல்லாத நேரங்களில் இதற்கு முன்பும் ஆட்கள் வந்து என் அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குழுவில் போட்ட படத்தைப் பார்த்தும் ஒரு மனிதர் எந்தத் தைரியத்தில் இப்படி வருவார்? நான் அரண்டுபோய்ப் பலகைகளை மாட்டியிருப்பேன் என்று நினைத்திருப்பார். அவர் அறிந்த உலகத்தில் அவர் முகம் சுருங்கினால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

முன்னறையையும் சமையலறையையும் காட்டினார். படுக்கையறைக் கதவு பக்கம் வந்ததும், "அது சும்மா, இதே மாதிரி இன்னொரு ரூம்" என்று கடந்து போகப் பார்த்தார்.

"அதையும் பாருங்கண்ணே" என்று நான் கதவைத் திறந்தேன்.

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவருடைய கணவர் சுவர் வரை போய்க் குனிந்து பார்த்தார். மச்சான் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பாத்ரூம் பைப்பு ஒண்ணு லீக்கு. இன்னைக்குச் சரி பண்ணத்தான் வந்தேன்" என்றார்.

"அந்தச் செவுத்துல பைப்பே இல்லையேண்ணே. பாத்ரூம் கெழக்கால்ல இருக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அறை வாசலில் நின்ற என் கணவரைப் பார்த்தார். "மாப்ள, நீயே சொல்லு. குடியிருக்கிறவன் நீ. இந்த வீட்ல ஒனக்கு ஏதாச்சும் கொறை இருக்கா?"

என் கணவர் வாயைத் திறந்தார். இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கதவு திறந்து கிடந்தது, பூசணம் மிதக்கும் காற்று நேராக அவர் முகத்தில் அடித்தது. இருமல் பிடித்துக்கொண்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அந்த மூன்று பேருக்கும் முன்னால் உறிஞ்சினார். கொடிக்கால்காரர், "மொதல்ல வெளிய வாங்க தம்பி" என்று அவர் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார்.

மச்சான் போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "நல்லாருங்கம்மா."

வெற்றி பெற்றேன் என்று நினைத்தேன். ஒரு மாதம்கூட நிற்கவில்லை அந்த நினைப்பு. பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போது சன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த தெருவில் கொடிக்கால்காரர் மனையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மச்சானின் போர்டு. என் கணவரிடம் கேட்டேன்.

"ஆமா, அவருக்கே குடுத்துட்டாங்க. எல்லா ரூம்லயும் பேனலைச் சேத்தே போட்டுத் தாரேன்னுட்டாராம்" என்றார்.

எங்கள் சுவரைக் குனிந்து, கண்ணாரப் பார்த்துவிட்டுப் போன மனிதர். அன்று சாயங்காலம் முழுக்க எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

நான் கேட்டு நடப்பது இனி ஒன்றுமில்லை என்று ஆனபிறகு வேலை சுலபமாகிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தியின் தம்பி சிவில் இன்ஜினியர். அவர் வந்து இடுப்பு உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னார். அஸ்திவாரக் கடக்காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் ஏறாமல் ஓர் அடுக்கு போட்டிருக்க வேண்டும், போடவில்லை என்றார். இனிமேல் போடவும் முடியாது. சுவரின் அடியில் நெடுகத் துளை போட்டு, தண்ணீரைத் தடுக்கும் மருந்தை உள்ளே செலுத்தினார்கள். வயல் பக்கம் காம்பவுண்டை ஒட்டி வடிகால் வெட்டினார்கள். செங்கல்லைக் கோடை முழுக்க வெறுமனே காயவிட்டு, அப்புறம்தான் பூசினார்கள். இப்போது அந்த அறையில்தான் படுக்கிறோம். கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் கீழே விரல் உயரத்துக்கு லேசாகக் கறுக்கும், பிறகு மறைந்துவிடும். என் கணவர் இன்ஹேலரை எப்போதாவதுதான் தேடுகிறார். உறவுக்காரர்கள் கேட்டால், "டிசைன் பிடிக்கல, அதான் மாத்துனோம்" என்கிறார்.

கொஞ்ச காலம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றிருந்தது. பொங்கலுக்கு மச்சானும் மதினியும் வந்தார்கள். ஆண்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மதினி உள்ளே வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த இன்ஜினியர் பையன் நம்பர் ஒங்கிட்ட இருக்கா?"

"யாருக்கு மதினி?"

அவர் டம்ளர்களைத் தட்டில் வரிசையாக அடுக்கினார். "எங்க வீட்லதான். கட்டுன வருசத்துலருந்து இருக்கு. ரெண்டு ரூமு பூட்டித்தான் கெடக்கு. சாமான் போட்டு வச்சிருக்கோம்னு ஆளுககிட்ட சொல்றது."

"அண்ணேகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லி?"

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இத்தனை வருஷம் தன் வீட்டில் பூட்டிய கதவுகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டே என் வீட்டுக்கு வந்து, எனக்குத் துணி காயப்போடத் தெரியவில்லை என்று சொன்ன பெண் இவர். ஆனாலும் நம்பரைக் கொடுத்தேன். அவருடைய போனில் வேறு ஏதோ பெண் பெயர் போட்டுப் பதிந்துகொண்டார், புருஷன் பார்த்தால் தெரியாமலிருக்க.

டீத்தட்டை அவரே வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு டம்ளரை நீட்டிக்கொண்டே மதினி தெளிவான குரலில் சொல்வது எனக்கு உள்ளே கேட்டது.

"இவர் கட்டுன வீட்ல ஒரு விரிசல் காட்டிருங்க பாப்போம். என்னப்பா, நான் சொல்றது?"

"ஆமாக்கா" என்றார் என் கணவர்.